சீ.ஐ.டி. அண்ணையின் பாலைவன விசாரணை

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லண்டனில் கல்யாண வயதில் இருந்த யாழ்ப்பாணத்துப் பொடியன்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். சீ.ஐ.டி. அண்ணை விசாரித்துச் சரி சொன்னவர்கள் முதல் வகை. அவருக்குத் தெரியவர முன்னர் அவசரம் அவசரமாகத் தாலி கட்டித் தப்பியவர்கள் இரண்டாவது வகை. மூன்றாவது வகைக்காரருக்கு இன்றுவரை கல்யாணம் நடக்கவில்லை.

ரெய்னர்ஸ் லேனுக்குக் கிட்ட ஒரு பெற்றோல் செட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து காசு வாங்குவது அவருடைய வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு. உண்மையான தொழில் மாப்பிள்ளை விசாரிப்பது. எங்கள் ஆட்கள் ஒருவனுக்குப் பெண் கொடுக்க முன்னர் அவனுக்குத் தெரியாமல் அவனைப் பற்றிப் பத்து இடத்தில் கேட்டுப் பார்ப்பார்கள். குடிப்பானா, கைநீட்டுவானா, ஏற்கெனவே எங்காவது ஒரு குடும்பம் வைத்திருக்கிறானா என்று அறிவதற்கு வேறு வழி கிடையாது. லண்டனில் யாரிடம் போய்க் கேட்பது? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்குப் பொடியனின் பெயரே வாயில் நுழையாது. அந்த இடத்தில்தான் அண்ணை தேவைப்பட்டார்.

கூண்டுக்குள் இருந்தபடியே அவருக்கு எல்லாம் தெரியும். எவன் சிகரெட் வாங்கிக்கொண்டு கையோடு பெப்பர்மின்ற்றும் வாங்குகிறான், எவனுடைய காரின் முன்சீற்றில் யாருடைய தலைமயிர் கிடக்கிறது, எவன் 'வேலைக்குப் போறன்' என்று சொல்லிவிட்டு வேலைக்கு எதிர்ப்பக்கமாகக் காரைத் திருப்புகிறான் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருப்பார். இதற்காக அவர் யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. பெண் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார். கேளாமல் தேத்தண்ணி தருகிற வீட்டிலும் ஏதோ மறைக்கிறார்கள் என்பது அவருடைய கட்சி.

எதையும் அவர் எழுதி வைப்பதில்லை. அவரிடம் லேஞ்சி என்கிற பெரிய வெள்ளைக் கைக்குட்டை ஒன்று இருந்தது. பொடியனிடம் ஒரு குறை கண்டால் பொக்கற்றில் இருந்து லேஞ்சியை எடுத்து, அவன் கண்முன்னாலேயே அதில் ஒரு முடிச்சுப் போட்டு, திரும்ப வைத்துக்கொள்வார். மூக்குத் துடைக்கிறார் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். விசயம் தெரிந்த பொடியன்களுக்கு அந்த லேஞ்சி வெளியே வந்தாலே வியர்க்கும்.

சவுத்தாலில் ஒரு பொறியியலாளர் இருந்தார். நல்ல வேலை, சொந்த வீடு, பார்க்கவும் பிழையில்லை. அண்ணை ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறிவித்தல் இல்லாமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "தம்பி, அவசரமா ஒருக்கா பாத்ரூம் போகவேணும்" என்றார். போனார், வந்தார், முடிச்சுப் போட்டார், கல்யாணம் நின்றுபோனது.

"என்ன அண்ணை குறை?" என்று பெண்ணின் மாமன் கேட்டாராம்.

"ஒன்பது மணிக்குக் குளியலறை நிலம் காய்ஞ்சு கிடக்குது. விடியக் குளிக்காதவன் என்னவும் செய்வான்."

இன்னொரு வீட்டில் இரண்டு பல் பிரஷ் இருந்தது என்று ஒரு சம்பந்தத்தைக் குழப்பினார். ஒன்று சப்பாத்துத் துடைக்கிற பிரஷ் என்று பொடியன் அழாக் குறையாகச் சொன்னான். எங்கள் எல்லாருக்கும் அண்ணை மேல் கோபம் வந்தது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பொடியன் பிரஷின் சொந்தக்காரியையே பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அதற்குப் பிறகு எங்களுக்கு அண்ணையின் மேல் இருந்த பயம் இரட்டிப்பானது.

இந்த மனிதரின் கையில்தான் என்னுடைய கல்யாணமும் போய் மாட்டியது.

வாசுகி வெஸ்ட் ஈலிங்கில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள். நான் அவளை முதலில் கண்டது அம்மன் கோயில் திருவிழாவில். கார் நிறுத்த இடம் காட்டுகிற தொண்டு வேலை எனக்கு. "வாங்கோ, வாங்கோ, இன்னும் வரலாம்" என்று கையை ஆட்டி ஆட்டி, அவளுடைய தகப்பனாரின் காரை மதிலில் முட்ட வைத்தேன். அவர் இறங்கி என்னை ஊர்ப் பெயர் கேட்காமலே திட்டினார். வாசுகி இறங்கி நசுங்கிய இடத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் வரலாமோ?" என்று கேட்டாள். அந்த இடத்திலேயே எனக்கு முடிந்துவிட்டது.

ஒரு வருடம் மருந்துக் கடைக்கு நடந்தேன். எனக்கு இல்லாத தலையிடிக்கெல்லாம் குளிசை வாங்கினேன். கடைசியில் என் தமக்கையார் முறைப்படி பேச்சைத் தொடங்கினார். தகப்பனார் வேண்டாம் என்று சொல்லவில்லை, விசாரித்துச் சொல்கிறோம் என்றார். அன்று பின்னேரமே வாசுகி ரெலிபோன் எடுத்தாள்.

"அப்பா சீ.ஐ.டி. அண்ணையிட்டைச் சொல்லிப்போட்டார். அவர் வேண்டாம் எண்டால் அப்பா அசையமாட்டார். நானும் அப்பாவை மீறி வரமாட்டன். தயவுசெய்து கவனமா இருங்கோ."

அந்த நேரம் பார்த்து நாங்கள் அவுஸ்திரேலியாவுக்கு ரிக்கற் போட்டிருந்தோம். நாங்கள் என்றால் நானும் ஜெறோமும். ஜெறோம் மன்னார்ப் பொடியன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போவான், சனிக்கிழமை பியருக்கும் தவறாமல் போவான். எங்களோடு ரெய்னர்ஸ் லேனில் ஒரே வீட்டில் இருந்த குகன் அடிலெய்டுக்குக் குடிபெயர்ந்திருந்தான். 'வாங்கோடா, கூடாரம் அடிச்சு, காரிலை நாட்டின்ரை நடுவுக்குப் போய் அந்தச் சிவப்பு மலையைப் பாப்பம்' என்று கடிதம் போட்டிருந்தான்.

புறப்பட மூன்று கிழமை இருக்கும்போது அண்ணை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, எனக்கும் ஒரு ரிக்கற் போடும். நானும் வாறன்."

ஜெறோம் சிரித்தே விட்டான். "அண்ணை, நீங்கள் சவுத்தாலுக்கே பஸ்ஸிலை வரமாட்டியள். டிரைவர் வேற பாதையாலை கொண்டுபோயிடுவான் எண்டு பயம்."

"லண்டன் குளிருக்கை ஒருத்தனையும் அறிய ஏலாது ஜெறோம். எல்லாரும் கோட்டுக்குள்ளை நிக்கிறாங்கள். வெய்யிலுக்கைதான் மனிசன் வெளியிலை வருவான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். லேஞ்சி வெளியே வரவில்லை. ஆனால் கை பொக்கற்றின் மேல் இருந்தது.

எட்டு வருடத்தில் முதல் தடவையாக லீவு எடுத்து, என்னை விசாரிப்பதற்காக ஒரு மனிதர் பூமியின் அடிப்பக்கத்துக்கு வருகிறார் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை விமானம் ஏறும்வரைதான். அண்ணை எனக்குப் பக்கத்து சீற்றைக் கேட்டு வாங்கியிருந்தார். பணிப்பெண் வைன் கொண்டு வந்தாள், வேண்டாம் என்றேன். தோடம்பழச் சாறு கொண்டு வந்தாள். ஆரஞ்சு நிறம் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும் என்று அதையும் வேண்டாம் என்றேன். ஒரு நாள் முழுக்க வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டு, கண்ணை மூடித் தேவாரம் சொல்கிற பாவனையில் இருந்தேன். எனக்கு வந்ததையும் சேர்த்து ஜெறோம் குடித்தான்.

அடிலெய்டில் இறங்கியது சனவரி மாதம். வெயில் என்றால் தலைக்கு மேல் இருந்து அடிப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே அது நிலத்தில் இருந்தும் அடித்தது. குகன் ஒரு பழைய பெரிய காரின் கூரையில் கூடாரங்களைக் கட்டி, பின்னால் இரண்டு பெரிய பிளாஸ்ரிக் கான்களில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தான். புறப்பட முதல் எங்களை வரிசையில் நிற்க வைத்து ஒரு சட்டம் சொன்னான்.

"இது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளிப்பு முழுக்கு ஒண்டும் இல்லை. நாறினால் எல்லாரும் சேந்து நாறுவம். முதல் கான் முடிஞ்சாப் பிறகுதான் ரெண்டாவதைத் திறக்கிறது."

அண்ணை மட்டும், "ஒரு நிமிசம், கடைக்குப் போட்டு வாறன்" என்று தன் சூட்கேசையும் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அந்தப் பெட்டி இரண்டு மடங்கு கனத்தது. பூட்டு ஒன்று புதிதாகத் தொங்கியது. தூக்கி ஏற்ற உதவிக்குப் போன ஜெறோமை, "கை வைக்க வேண்டாம்" என்று தடுத்துவிட்டார்.

"பெட்டிக்குள்ளை ரேப் றெக்கோடர் இருக்குதடா" என்று ஜெறோம் என் காதில் சொன்னான். "நாங்கள் கதைக்கிற எல்லாம் பதிவாகுது. உன்ரை மாமனாருக்குப் போட்டுக் காட்டப் போறார்."

நான் நம்பிவிட்டேன். அவர் எங்களைச் சந்தேகப்பட, நாங்கள் அவருடைய பெட்டியைச் சந்தேகப்பட, குகன் தன் காரின் எஞ்சினைச் சந்தேகப்பட, அப்படித்தான் எங்கள் உல்லாசப் பயணம் தொடங்கியது. போகிற வழியெல்லாம் நான் பெட்டியின் பக்கம் திரும்பி, மதுவினால் குடும்பங்கள் அழிவதைப் பற்றியும் பெண்பிள்ளைகள் வேலைக்குப் போகவேண்டியதன் அவசியத்தைப் பற்றியும் உரத்துப் பேசினேன். ஜெறோம் பியரை ஒரு தெர்மோஸ் குடுவைக்குள் ஊற்றி, மூடியில் வார்த்து ஊதி ஊதிக் குடித்தான்.

"ஜெறோம், உம்மடை தேத்தண்ணி நுரைக்குது" என்றார் அண்ணை.

"மன்னார்த் தேத்தண்ணி அப்பிடித்தான் அண்ணை."

லேஞ்சி வெளியே வந்தது. அந்த முடிச்சு ஜெறோமுக்கா, அவனைச் சிநேகிதனாக வைத்திருக்கிற எனக்கா என்று தெரியாமல் நான் தவித்தேன். அந்த நாட்டு ஈக்கள் இன்னொரு கரைச்சல். கண்ணுக்குள்ளும் மூக்குக்குள்ளும் புகும், ஓயாமல் கையை வீசிக்கொண்டே இருக்கவேண்டும். நான் ஈ கலைத்ததை அண்ணை, நான் ஜெறோமுக்கு ஏதோ சைகை காட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். இன்னொரு முடிச்சு. வழியில் ஒரு கங்காரு நின்றது. இருபது மைல் தள்ளி இன்னொன்று நின்றது. "முதல் நிண்டதும் உதுதான். எங்களுக்குப் பின்னாலை வருகுது" என்றார். அவர் பகிடி விடவில்லை.

இனித்தான் என்னுடைய மடைத்தனத்துக்கு வரவேண்டும். முதல் நாள் கூடாரம் அடித்துப் படுத்தவனுக்கு நித்திரை வரவில்லை. கண்ணை மூடினால் சவுத்தால் பொறியியலாளரின் காய்ந்த குளியலறை நிலம் தெரிந்தது. விடியக் குளிக்காதவன் என்னவும் செய்வான். நாளைக்கு விடிய அண்ணை எழும்பி வருவார், நான் குளிக்காமல் நிற்பேன், லேஞ்சி வெளியே வரும், வாசுகி யாரோ ஒரு கணக்காளரைக் கட்டிக்கொண்டு போவாள். அவளை இழக்க என்னால் ஏலாது. கிழக்கு வெளுக்கும்போது மெல்ல எழும்பினேன். முதலாவது கானைத் தொட்டால் குகன் கண்டுபிடிப்பான். இரண்டாவது கானைத் திறந்து, கூடாரத்துக்குப் பின்னால் நின்று ஆறு குவளை தண்ணீரில் குளித்து, திருநீறு பூசி, பளபளவென்று நின்றேன்.

நிலத்தைப் பார்த்தேன். குளித்த தடயமே இல்லை. அந்தச் சிவப்பு மண் ஆறு குவளையையும் விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதமாதிரிக் கிடந்தது. எழும்பி வருகிறவர் நிலத்தைத்தானே பார்ப்பார்? ஈரம் இல்லாவிட்டால் திருநீற்றுக்கு என்ன மதிப்பு? இன்னும் நாலு குவளை எடுத்து நிலத்தில் ஊற்றினேன். அதுவும் காய்ந்தது. அண்ணையின் கூடாரத்துக்குள் செருமல் சத்தம் கேட்டதும் அவசரமாக இன்னும் நாலு குவளை ஊற்றினேன். அவர் வெளியே வந்து ஈரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முடிச்சுப் போடவில்லை. எனக்கு வாசுகியின் கழுத்தில் தாலி ஏறிய மாதிரி இருந்தது.

இப்படியே நாலு நாள். நான் குளித்ததைவிட நிலம் குளித்ததுதான் அதிகம்.

ஐந்தாம் நாள் குகன், "குறுக்குப் பாதை ஒண்டு இருக்குது" என்று தார் வீதியை விட்டு மண் வீதியில் இறக்கினான். காலையில் முதல் கான் முடிந்திருந்தது. பதினொரு மணியளவில் காரின் முன்பக்கம் சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது. ரேடியேற்றருக்குப் போகிற றப்பர் குழாய் வெடித்து, தண்ணீர் முழுவதும் மண்ணுக்குப் போய்விட்டது. சுற்றிவர ஒரு மரம் இல்லை. காரின் நிழல் ஒரு பாய் அகலத்துக்குத்தான் இருந்தது.

"பயப்பிட ஒண்டும் இல்லை. அடுத்த பெற்றோல் செட் இருபது மைல் வராது. குழாயை எதாலையாவது கட்டி, தண்ணி விட்டு, மெதுவா உருட்டலாம். ஒரு கான் முழுசா இருக்குது" என்று சொல்லிக்கொண்டு குகன் பின்கதவைத் திறந்தான். முழுக் கான் என்று நினைத்துத் தன் பலம் எல்லாவற்றையும் கூட்டித் தூக்கினான். கான் காகிதம்போல் எழும்பி வந்தது, அவன் மல்லாக்க விழுந்தான்.

அடியில் நாலு விரல் தண்ணீர் இருந்தது.

அண்ணை குனிந்து கானைத் திருப்பினார். அதன் பக்கத்தில் பேனையால் கீறிய நாலு கோடுகள் இருந்தன. "ஒவ்வொரு பின்னேரமும் நான் கோடு போட்டனான். ஒவ்வொரு விடியவும் தண்ணி இறங்கியிருக்குது. இதுக்குள்ளை ஒரு கள்ளன் இருக்கிறான் எண்டு எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் அண்ணை சொல்லேல்லை?" என்று குகன் கிட்டத்தட்ட அழுதான்.

"விசாரணை முடியேல்லை."

ஈரத்தைக் கண்டவர், கோட்டையும் கண்டவர். இரண்டையும் அவர் முடிச்சுப் போட்டுப் பார்க்காமலா இருந்திருப்பார்? இன்றைக்கு யோசித்தால் அது விளங்குகிறது. அன்று எனக்கு வெயிலும் பயமும் சேர்ந்து மூளை வேலை செய்யவில்லை. அண்ணை எங்கள் மூவரையும் அந்த ஒரு பாய் நிழலில் இருத்தி, தான் வெயிலில் நின்றுகொண்டு கேட்டார்.

"ஆர் எடுத்தது? ஜெறோம், நீரோ?"

ஜெறோம் என்னைப் பார்த்தான். நான் குளிப்பது அவனுக்குத் தெரியும். முதல் நாளே கூடாரத்துத் துளையால் பார்த்துவிட்டு, 'உனக்கு விசரடா' என்று சொன்னவன் அவன். என் முகத்தில் எதைக் கண்டானோ, தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் அண்ணை, நான்தான். குடிவெறியிலை தாகம் எடுத்தது" என்றான்.

நான் பேசாமல் இருந்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது. எனக்கு வாசுகி வேண்டும். ஜெறோமுக்கு இனிமேல் கெடுவதற்குப் பெயர் ஒன்றும் மிச்சம் இல்லை. குகன் அவனை அடிக்கக் கை ஓங்கிக்கொண்டு எழும்பினான். ஜெறோம் முகத்தை மறைக்கக்கூட இல்லை.

"அவன் இல்லை, நான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தடவை சொன்னேன். "நான்தான் எடுத்தனான். குளிச்சனான்."

"குளிச்சா ஒரு கான் முடியுமோ?" என்றான் குகன்.

"நிலத்துக்கும் ஊத்தினனான். ஈரம் தெரியவேணும் எண்டு. சவுத்தால் பொறியியலாளரை அண்ணை நிலம் காய்ஞ்சு கிடந்ததெண்டுதானே வேண்டாம் எண்டவர். எனக்கு வாசுகியைக் கட்டவேணும் அண்ணை. நீங்கள் பாக்கிறியள் எண்டுதான் எல்லாம் செய்தனான்."

குகனின் ஓங்கிய கை அப்படியே நின்றது. ஜெறோம் சிரிக்கத் தொடங்கி, வாய் காய்ந்து இருமினான். அண்ணை சிரிக்கவில்லை. சட்டென்று வந்து எங்களுக்குப் பக்கத்தில், அந்த நிழலில் ஓரமாகக் குந்தினார்.

"என்ரை தங்கச்சியைக் கட்டிக் குடுக்கேக்கை நாங்கள் போட்டோ மட்டும்தான் பாத்தனாங்கள்" என்றார். "பொடியன் டென்மார்க்கிலை. நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு நிண்டவன். ஒருத்தரும் விசாரிக்கேல்லை. வெளிநாட்டு மாப்பிள்ளை எண்டவுடனை வாயைப் பிளந்துகொண்டு அனுப்பிப்போட்டம். மூண்டு வருசம் 'நல்லா இருக்கிறன்' எண்டுதான் அவள் கடிதம் போட்டவள். நாலாம் வருசம் ஆஸ்பத்திரியிலை இருந்து வேற ஒருத்தி எழுதினவள். இப்ப தனிய இருக்கிறாள். ஒரு காது கேக்காது."

அந்த மனிதரின் பெயரை வைத்து நாங்கள் எத்தனை பகிடி விட்டிருப்போம்.

அவர் எழும்பிப் போய் அந்தச் சூட்கேசை இழுத்து வந்தார். இடுப்பில் இருந்த திறப்பால் பூட்டைத் திறந்தார். ரேப் றெக்கோடர் இல்லை. இரண்டு சேட்டும் ஒரு சாரமும், மிச்ச இடம் முழுக்கத் தண்ணீர்ப் போத்தல்கள். பத்தோ பன்னிரண்டோ இருக்கும்.

"உங்களை மூண்டு பேரையும் நான் அடிலெய்டிலையே நம்பேல்லை" என்றார். "தண்ணியை எப்பிடியும் முடிப்பியள் எண்டு தெரியும். ஆர் எண்டதுதான் தெரியாது."

சந்தேகம் ஒரு மனிதனுக்கு ஆகாது என்று சொல்பவர்களை அன்றில் இருந்து நான் நம்புவதில்லை. ஆளுக்கொரு போத்தல் குடித்தோம். பிறகு வெடித்த குழாயைக் கட்டத் துணி தேவைப்பட்டது. அண்ணை லேஞ்சியை எடுத்தார். அது முடிச்சு விழுந்து விழுந்து ஒரு தேங்காய் அளவுக்குப் பருத்திருந்தது. அதைக் குழாயில் சுற்ற முடியாது. மண்ணில் சப்பாணி கட்டி இருந்து, பல்லாலும் நகத்தாலும் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். "உது நுரைச்ச தேத்தண்ணி" என்று ஒன்றை அவிழ்த்தார். "உது கை காட்டினது" என்று இன்னொன்றை அவிழ்த்தார்.

"அது ஈ அண்ணை" என்றேன்.

"இப்ப விளங்குது" என்றார், முகத்தில் மொய்த்த ஈயைக் கலைத்தபடி.

விரித்த லேஞ்சியைத் தண்ணீரில் நனைத்துக் குழாயில் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் ஜெறோமின் பெல்ற்றைப் போட்டுக் கட்டினோம். இரண்டு மைல் உருட்டுவது, நிற்பது, ஒரு போத்தல் ஊற்றுவது, திரும்ப உருட்டுவது. பொழுது சாயும் நேரம் பெற்றோல் செட்டின் தகரக் கூரை தெரிந்தது. அண்ணை இறங்கி நேராக உள்ளே போய், காசாளரின் கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணாடியாலை ஒண்டும் தெரியாது" என்று எங்களிடம் முறைப்பட்டார்.

மூன்று நாள் கழித்து அந்தச் சிவப்பு மலையையும் போய்ப் பார்த்தோம். அண்ணை அதைச் சுற்றி நடந்து, பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் நம்பினார். ஆனால் என் விசயமாக அவர் வாய் திறக்கவில்லை. திரும்புகிற விமானத்தில் நான் தோடம்பழச் சாறு குடித்தேன். அவர் கண்டும் காணாதவர்போல் இருந்தார். அவர் சரி சொல்வாரா என்று என்னால் முகத்தில் படிக்க ஏலவில்லை. லண்டனில் இறங்கும்போது, எல்லாம் கைவிட்டுப் போனது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் வெஸ்ட் ஈலிங் போனார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட வாசுகி எனக்கு ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தாள்.

"பொடியன் குடிப்பானோ?" என்று தகப்பனார் கேட்டிருக்கிறார்.

"இல்லை. போகேக்கை தோடம்பழச் சாறும் குடிக்கேல்லை. அது எனக்கே கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்தது."

"குணம்?"

"பயந்தவன். தன்ரை பிழையைச் சொல்ல அரை நிமிசம் எடுத்தவன். ஆனா சிநேகிதனை அடிக்க விட்டிட்டு இருக்கேல்லை, சொல்லிப்போட்டான். இவளை இழப்பம் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் சொன்னவன்." பிறகு, "குடுக்கலாம்" என்றாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

கல்யாணம் முடிந்தால் விசாரணையும் முடியும் என்று நினைத்தேன். மூன்றாம் ஞாயிறே அறிவித்தல் இல்லாமல் வந்து நின்றார். "தம்பி, கடைக்குப் போய் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வாரும்" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டு, குசினிக்குள் போய் வாசுகியை மறித்து, "பிள்ளை, உண்மையைச் சொல்லு, எப்பிடி வைச்சிருக்கிறான்?" என்று கேட்டிருக்கிறார். நல்லாய் வைத்திருக்கிறார் என்றாள். "என்ரை தங்கச்சியும் அப்பிடித்தான் எழுதினவள்" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவருக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று வாசுகியிடம் சத்தம் போட்டேன். அவள், "எனக்கு அண்ணன் இல்லை. கேக்க ஒராள் இருந்தால் கேக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் அவர் கேளாமலே நான் கொத்தமல்லிக்குப் புறப்பட்டுவிடுவேன்.

இரண்டு வருடத்தில் அவர் பெற்றோல் செட் வேலையை விட்டு, தங்கச்சிக்குத் துணையாக டென்மார்க்குக்கே போய்விட்டார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் நாலு மணிக்கு ரெலிபோன் அடிக்கும். முதலில் வாசுகி. எல்லாம் கேட்டு, குரலையும் சோதித்துத் திருப்திப்பட்ட பிறகுதான், "சரி, அவனிட்டைக் குடு" என்பார். என்னோடு அரை நிமிடத்துக்கு மேல் பேசமாட்டார்.

ஒரு ஞாயிறு நாலு மணிக்கு ரெலிபோன் அடிக்கவில்லை. நாலரையாயிற்று, ஐந்தாயிற்று. எங்காவது கல்யாண வீட்டுக்குப் போயிருப்பார் என்றாள் வாசுகி. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரெலிபோனைத் தூக்கிப் பார்த்தேன், வேலை செய்தது. கடைசியில் நானே டென்மார்க்குக்கு எடுத்தேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தவரின் குரல் அடைத்திருந்தது. மூன்று நாளாகக் காய்ச்சலாம்.

"என்ன தம்பி, நீர் எடுக்கிறீர்?" இருமலுக்கு நடுவில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ? பிள்ளையைக் கூப்பிடும்."

"பிரச்சினை ஒண்டும் இல்லை அண்ணை" என்றேன். "இந்தக் கிழமை நீங்கள் என்னை விசாரிக்கேல்லை, அதுதான்."